கேட்கும் முகம்

அவரோடு உட்கார்ந்து ஒரு படத்தை முழுதாகப் பார்த்து முடித்தவர் அந்தத் தெருவில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை முயன்று பார்த்தார். பாதிப் படத்தில் தலைவலி என்று எழுந்து போனவர், அதன்பிறகு டிவி ஓடும் சத்தம் கேட்டால் வாசலிலேயே நின்று, "எடிட்டர் இருக்காரா?" என்று கேட்பார். இருக்கிறார் என்றால் வந்த வேலை அவருக்கு மறந்துபோகும்.

எடிட்டர் நிறையப் பேசுகிறவர் இல்லை. ஒரே ஒரு வரி சொல்வார். அதையும் மெதுவாகச் சொல்வார். "அவன் மூச்சு இழுக்கிறதப் பாரு." அவ்வளவுதான். அதற்குமேல் பார்ப்பவர்களுக்குக் கதை தெரியாது. கதாநாயகன் ஒவ்வொரு வசனத்துக்கு முன்னாலும் இழுக்கிற மூச்சுதான் தெரியும். காதலி செத்துக் கிடப்பாள், ஊரே அழுதுகொண்டிருக்கும். "இமை ஆடுது" என்பார். அதன்பிறகு அவள் செத்தவளாகவே தெரியமாட்டாள். சின்னப் பெண் ஒருத்தி அப்பாவுக்குப் புத்தி சொல்கிற காட்சியில், "இந்தப் பாப்பாவுக்கு நாப்பது வயசிருக்கும்" என்றார். அன்றைக்கு அவர் மனைவி ரிமோட்டைச் சோபாவில் எறிந்தாள்.

"நான் அழுதுட்டிருந்தேன். ஒரு மனுஷிய நிம்மதியா அழக்கூட விடமாட்டீங்களா?"

"அழு. நானா வேணாங்கிறேன்?"

"இனிமே எங்கேர்ந்து அழுறது? அந்தப் புள்ள வாயத் தொறந்தாலே சிரிப்பு வருது."

ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர் நம்பிக்கையோடுதான் உட்காருவார். விளக்கை அணைத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, இன்றைக்காவது ஏமாற்றாமல் இருக்கட்டும் என்ற முகத்தோடு உட்காருவார். கதை நன்றாக இருக்கும். மழை நன்றாகப் பெய்யும். எல்லாம் கூடி வருகிற நேரத்தில் யாராவது ஒருவர் உள்ளே வந்து புருவத்தைத் தூக்குவார். அத்தோடு சரி. அவருக்குக் கோபம் வராது. சோற்றில் கல் கடிபட்டவர் மாதிரி ஒரு கணம் அப்படியே நின்றுபோவார்.

அவருடைய தொழில் அப்படி. ஆரம்பத்தில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா எல்லா ஷாட்டிலும் வந்து நின்று கேமராவைப் பார்த்துச் சிரித்திருந்தார். சித்தப்பா மனம் கோணாத அளவுக்கு மட்டும் அவரை மிச்சம் வைத்து, மற்ற இடங்களிலிருந்து வீட்டாருக்கே தெரியாமல் எடுத்துவிட்டார் எடிட்டர். அந்த வீடியோவைப் பார்த்த விருந்தாளி ஒருவர் டிவி தொடர் எடுக்கிற டைரக்டர். "யோவ், அந்த ஆளு என் பக்கத்துலதான் நாள் பூரா நின்னான். எங்கய்யா போனான்?" என்று கேட்டுத் தன்னோடு அழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து இன்றுவரை தொடர்கள்தாம்.

வேலை செய்கிற அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். இரண்டு திரைகள், ஒரு நாற்காலி, சுவரோரம் வந்தவர்கள் உட்கார ஒரு ஸ்டூல். காலையில் உள்ளே போனால் வெளியே மழை பெய்ததா வெயில் அடித்ததா என்பதை வீட்டுக்கு வந்து மனைவியிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வார். முந்தின நாள் எடுத்த காட்சிகள் வெட்டாமல், கழுவாத பாத்திரம் போல வந்து குவிந்திருக்கும். உளறல், இருமல், வசனத்தை மறந்துவிட்டு மேலே பார்ப்பது, அழுகிற காட்சியில் ஏப்பம், எல்லாம் இருக்கும். அதிலிருந்து அன்றைக்கு ஒளிபரப்ப வேண்டியதைச் செய்து தர வேண்டும்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் நடிகர்களை அப்படியே உட்கார வைத்து, பேசாமல் கொஞ்சம் படம்பிடிக்கச் சொல்வார். இடது பக்கம் பார்ப்பது, வலது பக்கம் பார்ப்பது, தலை குனிவது, எச்சில் விழுங்குவது. அந்தத் துண்டுகளுக்கு அவர் வைத்த பெயர் சும்மா முகம். கம்ப்யூட்டரில் ஒரு தனிப் பெட்டியில் அவற்றைச் சேர்த்து வைத்திருந்தார். ஒருவர் பேசுவது பார்க்கச் சகிக்காமல் போகும்போது குரலை மட்டும் ஓடவிட்டு, கேட்கிறவருடைய சும்மா முகத்தைப் போட்டுவிடுவார். பார்க்கிறவர்கள் கேட்கிற முகத்தைப் பார்த்து, பேசுகிறவன் என்னவோ பெரிதாகச் சொல்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சும்மா முகத்தில் மகாராணி, அப்போது ஓடிக்கொண்டிருந்த தொடரில் அம்மாவாக நடித்தவர். அவருடைய முகம் ஒன்றும் செய்யாது. ஒன்றும் செய்யாமலேயே எல்லாம் நடக்கும். அவர் வருகிற காட்சி வந்தால் எடிட்டர் நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்து உட்காருவார்.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் அவருடைய மச்சினன் வந்து விழுந்தான்.

மச்சினன் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தான். கண் பரிசோதித்து, பவர் கண்டுபிடித்து, சட்டம் பொருத்தித் தருவது அவன் வேலை. தாய் தகப்பன் இல்லாதவனை அக்காதான் வளர்த்து ஆளாக்கினாள். கல்யாணமாகி வந்தபோது அவள் பெட்டியோடு தம்பியும் வந்தான். இப்போது மாடி அறையில் தனியாக இருக்கிறான், சாப்பாடு கீழே. வீட்டில் எல்லோருக்கும் அவன் தம்பிதான். எடிட்டர் மட்டும் மாப்ள என்பார்.

ஒருநாள் டைரக்டர் கண்ணாடி மாற்றப் போயிருக்கிறார். கடையில் இவன் பேசுகிற விதத்தைப் பார்த்து மயங்கி, எடிட்டர் மச்சினன் என்று தெரிந்ததும் இரட்டைச் சந்தோஷமாகி, அம்மாவின் மூத்த மகன் வேடத்துக்கு அழைத்துவிட்டார். எடிட்டரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் நாள் எடுத்த காட்சி அறைக்கு வந்தபோதுதான் அவருக்கே தெரியும்.

பார்த்தார். நிறுத்திவிட்டு, தண்ணீர் குடித்து, மறுபடி பார்த்தார்.

பேசப் போகிறான் என்றால் கிணற்றில் குதிக்கப் போகிறவன் போல மூச்சை உள்ளே இழுத்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு புருவம் ஏறியது. வசனத்தின் கடைசிச் சொல்லை ஒரு முழம் இழுத்தான். துக்கம் வந்தால் எங்கே ஒழுகுகிறது என்று தேடுகிறவன் மாதிரி கூரையைப் பார்த்தான். இது எல்லாவற்றையும்விட, மற்றவர்கள் பேசும்போது அவர்களுடைய வசனத்தையும் சேர்த்து அவன் உதடு முணுமுணுத்தது. எல்லார் வசனத்தையும் மனப்பாடம் செய்துவிட்டு வந்திருந்தான், பாவம்.

டைரக்டர் போனில் சொன்னார். "நேர்ல நல்லாத்தான்யா இருந்தான். கேமராவப் பாத்ததும் பேய் புடிச்ச மாதிரி ஆயிட்டான். எப்படியாவது ஒப்பேத்து. ஒனக்கு மச்சான், எனக்கென்ன?"

அவர் ஒப்பேற்றினார். மச்சினன் வாயைத் திறக்கிற இடமெல்லாம் அம்மாவின் முகத்தைப் போட்டார். பெரிய வசனங்களை வெட்டி இரண்டு சொல்லாக்கினார். அவனுடைய முகத்தில் அவருக்கு உருப்படியாகக் கிடைத்தது ஒரே ஒரு துண்டு. கேமராவை நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்து, அம்மா நடிகையை அவன் தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். புருவம் தன் இடத்தில் இருந்தது. உதடு மூடியிருந்தது. எதையோ ஆழ்ந்து யோசிக்கிற, மிகவும் அன்பான பார்வை. அந்தத் துண்டைத் திருப்பிப் போட்டும், பெரிதாக்கியும், மெதுவாக ஓடவிட்டும் எடிட்டர் எத்தனையோ காட்சிகளைக் கரையேற்றினார்.

விளைவு அவர் நினைத்துப் பார்க்காததாக இருந்தது. மூத்த மகனை மக்களுக்குப் பிடித்துப்போனது. அதிகம் பேசமாட்டான், அம்மா மேல் உயிர், எல்லாவற்றையும் மனசுக்குள் வைத்துக்கொள்கிறவன் என்றார்கள். கடைக்கு வந்தவர்கள் அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கடை முதலாளி அதனால் மாதத்தில் சில நாள் படப்பிடிப்புக்கு அவனை முகம் சுளிக்காமல் விட்டார்.

அம்மா நடிகைக்கு மட்டும் விஷயம் தெரியும். ஒருமுறை அறைக்கு வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்து தன் முகத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடிட்டர் சார், எனக்கு இந்த வருஷம் நல்ல பேரு. சோகத்தக் காட்டாமலே காட்டறேனாம். சொல்றாங்க."

"ஆமாம்மா."

"அதுல உங்க மச்சானுக்கும் பங்கு உண்டு. அவர் பேச ஆரம்பிச்சா எனக்கு நெஜமாவே உள்ள ஒரு வேதன வருது. நான் அத முகத்துல கொண்டுவராம அடக்கிட்டு உக்காந்திருக்கேன். அதத்தான் எல்லாரும் பாராட்டறாங்க."

எடிட்டர் சிரித்தார். வீட்டில் இதைச் சொல்லவில்லை. வீட்டில் தொடர் ஓடும்போது மச்சினன் வருகிற காட்சிகளில் அவர் வாயே திறப்பதில்லை. மற்ற எல்லோருக்கும் ஒரு வரி உண்டு, அவனுக்கு மட்டும் கிடையாது. அந்த மௌனத்தை வீடு எப்படி எடுத்துக்கொண்டது என்பது அவருக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

அன்று சாப்பாட்டுக்கு நடுவில் மச்சினன் சொன்னான்.

"மாமா, பெரிய படம் ஒண்ணு வந்திருக்கு. நான்தான் ஹீரோ."

அக்காவுக்கு ஏற்கெனவே தெரியும். கரண்டியோடு நின்று கணவன் முகத்தைப் பார்த்தாள்.

"யாரு டைரக்டர்?"

சொன்னான். எடிட்டருக்கு அந்த ஆளைத் தெரியும். நீண்ட நீண்ட ஷாட்டாக எடுக்கிறவர்.

"என்னப் பத்தி என்ன சொன்னார் தெரியுமா? 'உங்க முகத்துல ஒரு அமைதி இருக்கு. என் படத்துல வெட்டே கிடையாது. கேமராவ உங்க முன்னால வெச்சுட்டு நான் போயிடுவேன். நீங்க இருந்தா போதும்'ங்கிறார்."

எடிட்டர் தண்ணீர் டம்ளரை எடுத்தார், வைத்தார்.

"வெட்டே கிடையாதா?"

"கிடையாது மாமா. எல்லாம் முழு ஷாட்."

"கடை?"

"அதான்." மச்சினன் சோற்றைப் பிசைந்தான். முதலாளி இன்னொரு கடை திறக்கிறார். அதை இவன் பொறுப்பில் விடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் படத்துக்கு மாசக்கணக்கில் போக வேண்டும். ரெண்டுல ஒண்ணு சொல்லு, இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன் என்கிறார். "கடைய விட்டுடலாம்னு இருக்கேன். தொடர்லேர்ந்தும் விலகறேன்னு டைரக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

"அவசரப்படாத மாப்ள."

"பாத்தியாடா, மாமாவுக்கு உன் மேல எவ்ளோ அக்கற" என்றாள் அக்கா. பிறகு கணவரிடம் சொன்னாள். "ஊர்ல ஒருத்தன் விடாம நொள்ள சொல்ற மனுஷன் நீங்க. உங்க வாய்லேர்ந்தே இவனப் பத்தி ஒரு கொற வந்ததில்ல. அதவிட என்ன வேணும்? நான்தான் போடான்னு சொன்னேன்."

எடிட்டர் சாப்பாட்டை முடிக்காமல் கை கழுவினார்.

இரண்டு நாள் கழித்துக் கண்ணாடிக் கடைக்குப் போனார். வீட்டில் சொல்ல முடியாததைக் கடையில் சொல்லிவிடலாம் என்று ஒரு எண்ணம். உள்ளே ஒரு அம்மாள் நாற்காலியில் பயந்து உட்கார்ந்திருந்தாள். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை. மச்சினன் குனிந்து அவள் காதோரமாகச் சொன்னான். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்கம்மா. இது பரீட்சை இல்ல." அவள் தோள் இறங்கியது. எடிட்டர் வாசலில் நின்று பார்த்தார். இழுத்த மூச்சு இல்லை, ஏறிய புருவம் இல்லை. இந்த முகம் ஒரே ஒருநாள் கேமரா முன்னால் வந்திருந்தால் இத்தனை நாள் பாடு இல்லை என்று தோன்றியது.

அந்த அம்மாள் போனதும் எடிட்டரை உட்கார வைத்து, கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டினான் மச்சினன். அதில் வட்டக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டான்.

"இதுவா மாமா, இதுவா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"இல்ல. அவசரப்படாதீங்க. திரும்பப் போடறேன்." போட்டான். "கடசி வரியப் படிங்க."

அவர் படித்தார்.

"பொய்" என்றான் மச்சினன், சிரிக்காமல். "முன்னாடி அந்தம்மா படிச்சத கேட்டுட்டுச் சொல்றீங்க. எழுத்து கண்ணுக்குத் தெரியாதவங்க எல்லாம் ஒரே மாதிரிதான் மாமா. கழுத்த லேசா முன்னால நீட்டுவாங்க. சிரிப்பு கொஞ்சம் சீக்கிரம் வந்துடும். நான் பலகையப் பாக்கறதே இல்ல, முகத்ததான் பாப்பேன்."

மூக்கில் அத்தனை கனத்தை வைத்துக்கொண்டு ஒருவனிடம் உனக்கு நடிக்க வராது என்று சொல்ல எடிட்டருக்கு வாய் வரவில்லை. "நாளைக்கு ஸ்டூடியோவுக்கு வா. ஒண்ணு காட்டணும்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வந்தான். ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். எடிட்டர் ஒன்றும் சொல்லாமல் பழைய காட்சிகளை ஓட்டினார். ஒளிபரப்பானதை முதலில் காட்டினார், பிறகு அதே காட்சியை வெட்டாமல். மச்சினன் திரையில் மூச்சை இழுத்தான், கூரையைப் பார்த்தான், கடைசிச் சொல்லை இழுத்தான். எடிட்டர் திரையைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கெட்ட செய்தியைச் சொல்கிற வேலையைத் திரையிடம் ஒப்படைத்துவிட்ட நிம்மதியும் வெட்கமும் சேர்ந்து இருந்தது.

பாதியில் திரும்பினார். மச்சினன் கண்ணில் தண்ணீர் நின்றது. திரையில் தான் பேசுகிற வசனத்தை உதட்டுக்குள் கூடவே சொல்லிக்கொண்டிருந்தான்.

"மாமா."

"சொல்லு மாப்ள."

"இத்தனையும் நான் பண்ணியிருக்கேன். எனக்கே மறந்து போச்சு." "ஏன் மாமா இதெல்லாம் போடல?"

எடிட்டருக்குப் புரிய ஒரு கணம் ஆனது.

"நான் அழறேன், அவங்க மொகத்தக் காட்டறீங்க. நான் கோவப்படறேன், அவங்க மொகத்தக் காட்டறீங்க. எனக்கு ஒண்ணுமே இல்ல. உங்களுக்கு அவங்கதான் பெரிய ஆளு, நான் வீட்டுப் பையன்தானே?"

"அப்படி இல்லடா. கொஞ்சம்... அதிகமா இருக்குன்னு..."

"அதிகமா? அம்மா மேல உசுர வெச்சிருக்கறவன் அளந்தா அழுவான்?"

அவன் எழுந்துவிட்டான். கதவருகில் நின்று சொன்னான். "என் கடசி எபிசோடு வருதுல்ல. நான் வீட்ட விட்டுப் போற சீன். அதையாவது வெட்டாம போடுங்க. போற நேரத்துல ஒரு தடவயாவது ஜனங்க என்ன முழுசாப் பாக்கட்டும்."

சாயங்காலம் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி அக்காவிடம் வந்து சேர்ந்திருந்தது. அவள் கத்தவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"என் தம்பிய இருட்டுல உக்கார வெச்சு அவமானப்படுத்தியிருக்கீங்க."

"அவனுக்கு நல்லதுக்குத்தான்..."

"ஊர்ல இருக்கற நடிகன் எல்லாம் உங்களுக்கு ஆகாது. சரி, போகட்டும்னு இருந்தேன். வீட்டுக்குள்ள ஒருத்தன் மேல வர்றான், அதுவும் பொறுக்கலியா?"

"நான் மறச்சுதான் அவன் மேல வந்தான்."

"ஓஹோ." மடித்த துணியை அடுக்கினாள். "அப்ப மறைக்காம ஒரு தடவ போடுங்க. அதையும் பாத்துடுவோம்."

அவர் டைரக்டரைக் கேட்டார். டைரக்டர் கொட்டாவி விட்டுக்கொண்டே, "போறவன் ஆசப்படறான். போட்டுத் தொல. புதுப் பையன் அடுத்த வாரமே வர்றான்" என்றார்.

கடைசிக் காட்சி அறைக்கு வந்தது. வாசலில் பையோடு நின்று மூத்த மகன் அம்மாவிடம் பேசுகிறான். நீளமான வசனம். மச்சினன் தன் உயிரையெல்லாம் திரட்டிக் கொடுத்திருந்தான். ஒரு இடத்தில் கூரையைப் பார்த்துவிட்டு, பையைக் கீழே போட்டு, அதை எடுத்து, மறுபடி போட்டான். எடிட்டர் கை தன்போக்கில் பெட்டியைத் திறந்தது. அம்மாவின் முகம் ஒன்றை எடுத்து அந்த இடத்தில் வைத்தது. ஓட்டிப் பார்த்தார். காட்சி எழுந்து உட்கார்ந்தது. பை விழுகிற சத்தம் மட்டும், அம்மாவின் கண் ஒருமுறை கீழே போய் வருகிறது. அழகாக இருந்தது. இப்படியே முடித்துக் கொடுத்தால் ஊர் அழும். மச்சினன் வேலையை விடுவான். வெட்டே இல்லாத அந்தப் படத்தில் போய் நிற்பான்.

வைத்த முகத்தை எடுத்தார். வெறுமனே, முழுசாக, அவன் கேட்ட மாதிரியே அனுப்பிவிட்டு விளக்கை அணைத்தார். தன் வாழ்நாளில் மோசமான வேலை ஒன்றைத் தெரிந்தே அனுப்புவது அதுதான் முதல் தடவை.

ஒளிபரப்பான சாயங்காலம் மூவரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். அக்கா முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு தம்பிக்குப் பக்கத்தில். மச்சினன் நடுவில். எடிட்டர் ஓரமாக. சுவரில் எங்கோ பல்லி சத்தமிட்டது. காட்சி ஆரம்பமானது.

மச்சினன் திரையில் மூச்சை இழுத்தான். சோபாவில் இருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். முதல் வசனம் வந்தது. இரண்டாவது வசனம் வந்தது. எடிட்டர் வழக்கம்போல வாய் திறக்கவில்லை. அவருக்கு வேறு பழக்கமும் இல்லாததால், திரையை விட்டுவிட்டுக் கேட்கிறவர்கள் முகத்தைப் பார்த்தார்.

கூரையைப் பார்க்கிற இடம் வந்தது. வெட்டு இல்லாததால் அது முடியவே இல்லை. அப்போது அக்கா, "நல்லா இருக்குடா" என்றாள்.

மச்சினன் மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தான்.

அவள் கழுத்து லேசாக முன்னால் நீண்டிருந்தது. சிரிப்பு கொஞ்சம் சீக்கிரமாக வந்திருந்தது.

அவன் பார்வை திரும்பத் திரைக்குப் போகவில்லை. திரையில் பை விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. தன் குரல் பின்னால் கடைசிச் சொல்லை இழுத்துக்கொண்டிருக்க, கடையில் பயந்தவர்களைப் பார்ப்பது போல, தலையைச் சாய்த்து அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. இது பரீட்சை இல்ல."

"கொஞ்சம்... கொறச்சிருக்கலாம்டா."

"எவ்ளோ?"

"எனக்கு எப்படிச் சொல்லத் தெரியும்? அந்தப் பை..." அதற்குமேல் அவளால் முடியவில்லை. அழுகை வரும் என்று நினைத்து வாயைப் பொத்தினாள். வந்தது சிரிப்பு. பதறிப்போய், "ஐயோ, மன்னிச்சுக்கடா" என்றாள்.

மச்சினன் திரையைப் பார்த்தான். மூத்த மகன் இன்னும் போய்ச் சேரவில்லை, வாசலிலேயே நின்றிருந்தான்.

"போடா சீக்கிரம்" என்றான் மச்சினன், திரையைப் பார்த்து.

மூவரும் சிரித்தார்கள். அவன் சிரிப்பு மட்டும் முதலில் நின்றது. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தான். அணைக்கவில்லை. ஒருவன் தன் கண்ணைத் தானே சோதித்துக்கொள்வது போல முடிவுவரை பார்த்தான்.

"மாமா, பழசெல்லாம் இப்படித்தானா?"

"ம்."

"எல்லாமே?"

"ஒரு ஷாட் நல்லா இருக்கும். அந்தம்மாவ நீ தலைய சாச்சுப் பாப்பியே. எல்லாருக்கும் அதுதான் புடிச்சது. உன்ன ஹீரோவாப் போட வந்தவரும் அதப் பாத்துத்தான் வந்திருப்பார்."

மச்சினன் யோசித்தான். நினைவு வந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அது நடிப்பு இல்ல மாமா. அவங்க கண்ணாடி பவர் தப்பா இருந்துச்சு. படிக்கறப்ப மொகத்தத் திருப்பித் திருப்பிப் படிச்சாங்க. எந்தக் கண்ணுல கொறன்னு பாத்துட்டிருந்தேன்."

"நாளைக்கு மொதலாளியப் பாக்கணும்" என்று எழுந்தான். படியேறப் போனவன் நின்று, "நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம் மாமா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவன் மேலே போகிற காலடி, பிறகு மாடிக் கதவு சாத்துகிற சத்தம், கேட்டது. அன்று அவன் சாப்பிடக் கீழே வரவில்லை. அக்கா தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு மேலே போனாள், திரும்பி வர நேரமானது.

வந்து கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிவியில் வேறு ஏதோ தொடர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"சாப்பிட்டானா?"

"பாதி." பிறகு கேட்டாள். "இத்தன நாளும் இத நீங்க தனியாவா உக்காந்து பாத்துட்டிருந்தீங்க?"

"வேலதானே."

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் யாரோ புருவத்தைத் தூக்கினார்கள். இருவரும் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை.

புதுக் கடை திறந்தது. பெயர்ப் பலகைக்குக் கீழே மச்சினன் படத்தை மாட்ட முதலாளி ஆசைப்பட்டார், இவன் வேண்டாம் என்றுவிட்டான். இப்போதும் சிலர் வந்து, மூத்த மகன்தானே என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லி உட்காரவைத்து, எழுத்துப் பலகையைக் காட்டுவான். அம்மா நடிகையும் ஒருநாள் வந்தார். இடது கண்ணில்தான் குறை. அவன் சந்தேகப்பட்டது சரி.

தொடரில் புது மூத்த மகன் நன்றாகவே நடித்தான். அவன் பேசும்போது எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அம்மாவின் முகத்தில் முன்பிருந்த ஏதோ ஒன்று வரவில்லை. சௌகரியமாக, கண்ணாடி சரியான பவரில் மாறிய நிம்மதியோடு கேட்டுக்கொண்டிருந்தார். எடிட்டர் ஓட்டிப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். பிறகு பழைய பெட்டியைத் திறந்து, மச்சினன் பேசியபோது எடுத்த முகம் ஒன்றை எடுத்துப் போட்டார். சரியாக உட்கார்ந்தது.

அன்று சாயங்காலம் அந்த இடம் வந்தபோது மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே இருந்தவள் ஒரு கணம் திரையைப் பார்த்தாள்.

"தோடு மாறியிருக்கு" என்றாள், மெதுவாக.